சத்தம் வருகிறது, படம் வரவில்லை: 32 அங்குல டிவிக்கு பேக்லைட் மாற்றிய பதிவு

போன ஞாயிற்றுக்கிழமையோடு அம்மாவின் டிவி ஒரு குறையும் இல்லாமல் நான்கு மாதம் ஓடிவிட்டது. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன். முதல் தடவை சரி செய்தபோதே எழுத உட்கார்ந்தேன். நல்ல வேளை, முடிக்கவில்லை. அந்த வேலை பத்தொன்பதே நாளில் பல்லிளித்துவிட்டது.

ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட், ஈப்போவிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் தனியாக இருக்கிறார். நான் செம்பனை எண்ணெய் ஆலையில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். மோட்டார், கான்டாக்டர், ரிலே எல்லாம் கைப்பழக்கம். டிவியின் கண்ணாடியைத் தூக்கி உள்ளே பார்ப்பது எனக்கு இதுவே முதல் தடவை. அந்த வித்தியாசம் பெரிது என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

2019-இல் நாடு முழுக்க அனலாக் ஒளிபரப்பை நிறுத்தினார்களே, அந்த வருடம் வாங்கிய டிவி இது. ஒரு வெள்ளிக்கிழமை, டிவி2-இல் தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது திரை இருண்டுவிட்டது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. அம்மா செய்தியை முழுக்கக் கேட்டு முடித்த பிறகுதான் எனக்குப் போன் செய்தார். "தம்பி, நம்ம டிவி ரேடியோ ஆயிடுச்சுப்பா. நீ பசியாறிட்டு மெதுவா காலையில வா."

மறுநாள் காலையில் போனேன். டிவியைப் போட்டால் திரை கண் சிமிட்டும் நேரத்துக்கு வெளிச்சம் காட்டிவிட்டு இருண்டது. ரிமோட்டுக்குச் சேனல் மாறுகிறது, சத்தம் கூடுகிறது, குறைகிறது. ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, டார்ச்லைட்டைக் கண்ணாடியோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். வெளிச்ச வட்டத்துக்குள் ஒரு முகம் மங்கலாக வாயை அசைத்துக்கொண்டிருந்தது. படம் இருக்கிறது, அதற்குப் பின்னால் எரிய வேண்டிய விளக்கு, அதாவது பேக்லைட்தான் இல்லை. இந்த ஒரு சோதனைக்குக் காசு செலவில்லை, ஒரு திருகாணியும் கழற்ற வேண்டாம். முதலில் இதைச் செய்துவிட்டுத்தான் மற்றது.

பட்டணத்தில் ஒரு கடையில் கேட்டேன். 180 வெள்ளி (ரிங்கிட்), பத்து நாள் ஆகும் என்றார்கள். வேலையைச் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நியாயமான கூலிதான். ஆனால் அதே அளவு புது டிவி 550 வெள்ளிக்குக் கிடைக்கும்போது, பழையதற்கு 180 கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. "நீ பாருப்பா" என்றார். சரி, பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

பின்மூடியில் பத்துத் திருகாணி. எட்டு ஒரே நீளம், கால் பொருத்தும் இடத்தில் இருந்த இரண்டு மட்டும் நீளம் அதிகம். முட்டை அட்டை ஒன்றை எடுத்து, எந்தக் குழியில் எந்த இடத்துத் திருகாணி என்று பேனாவால் எழுதிப் போட்டுக்கொண்டேன். கடைசி வரைக்கும் அந்த அட்டைதான் காப்பாற்றியது.

மூடியைத் திறந்ததும் பவர் போர்டு. அதில் கை வைக்கும் முன் ஒன்று. அங்கே இருக்கும் பெரிய கப்பாசிட்டர் நம் 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கி 325 வோல்ட் அளவுக்குச் சேர்த்து வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில போர்டுகளில் அது அப்படியே நிற்கும். நான் ஒரு கிலோ ஓம், 10 வாட் செராமிக் ரெசிஸ்டரின் இரண்டு கால்களிலும் உறையிட்ட ஒயர் பற்றவைத்து வைத்திருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கி, அதைக் கப்பாசிட்டரின் இரு முனையிலும் ஐந்து விநாடி வைத்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் விரலை உள்ளே விட்டேன். ஸ்க்ரூடிரைவரால் நேராகத் தொட்டுப் பொறி பறக்க வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இங்கேதான் முதல் தப்பு. போர்டில் 1000 மைக்ரோபாரட், 25 வோல்ட் கப்பாசிட்டர் இரண்டு இருந்தன. ஒன்றின் தலை லேசாக மேடு தட்டியதுபோல் தெரிந்தது. போன வருடம் பக்கத்து வீட்டு அக்காவின் டிகோடர் இதே கோளாறில்தான் செத்தது, கப்பாசிட்டர் மாற்றியதும் பிழைத்துக்கொண்டது. அந்த நினைப்பில், வேறு எதையும் அளந்து பார்க்காமல், ஈப்போவுக்கு மோட்டார் சைக்கிளில் போய் இரண்டும் 6 வெள்ளிக்கு வாங்கி வந்து மாற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. கழற்றிய கப்பாசிட்டரை அளந்தால் 960 மைக்ரோபாரட் காட்டியது. நல்ல உருப்படிதான். இரண்டு நாள் போனது.

அப்புறம்தான் அளக்க ஆரம்பித்தேன். பவர் போர்டிலிருந்து திரைக்குள் போகும் விளக்கு ஒயர் ஒன்று உண்டு, சிவப்பும் கறுப்பும். அந்த முனையில் மீட்டரை வைத்து டிவியைப் போட்டால், வோல்டேஜ் 78 வரைக்கும் ஏறி, ஒரு விநாடியில் பொத்தென்று விழுந்தது. அதாவது விளக்குக்கு மின்சாரம் அனுப்பும் டிரைவர் தன் வேலையைச் செய்கிறது. மின்சாரத்தைத் தள்ளிப் பார்க்கிறது, போக வழி இல்லை, பாதுகாப்புக்காக நிறுத்திக்கொள்கிறது. போர்டில் குற்றம் இல்லை, உள்ளே விளக்குச் சரம் எங்கோ அறுந்திருக்கிறது.

இதை உறுதி செய்ய எல்இடி பேக்லைட் டெஸ்டர் ஒன்று ஆன்லைனில் 38 வெள்ளிக்கு வாங்கினேன். அது தானாகவே வோல்டேஜை ஏற்றி, 300 வோல்ட் வரை போய், மிகக் குறைந்த மின்னோட்டத்தில் எல்இடியை எரித்துக் காட்டும். விளக்கு ஒயரைப் போர்டிலிருந்து கழற்றி டெஸ்டர் முனைகளை வைத்தால், நல்ல சரம் எரியும், எத்தனை வோல்ட் என்றும் தெரியும். எனக்கு நேராக 300-ஐக் காட்டிவிட்டு நின்றது. ஓட்டம் கொஞ்சம்தான் என்றாலும் அந்த முனை கையைச் சுண்டும், வெறும் கையால் பிடிக்க வேண்டாம். கண்ணாடியைத் தொடாமலே இவ்வளவும் தெரிந்துகொள்ளலாம். நான் இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இனி கண்ணாடி. 32 அங்குலத் திரை ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமன்தான் இருக்கும். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் முறுக்கிக்கொண்டு விரிசல் விட்டுவிடும். அதன் கீழ் ஓரத்தில் ஒரு நீளப் பச்சைப் போர்டு, அதையும் கண்ணாடியையும் இணைக்கும் காகிதம் போன்ற மெல்லிய நாடாக்கள். அந்த நாடாவில் ஒரு கீறல் விழுந்தாலும் படத்தில் நிரந்தரமாகக் கோடு நிற்கும். டிவி அத்தோடு சரி. அக்கா மகனைக் கூப்பிட்டேன். பதினாறு வயது, கை நடுக்கம் இல்லாத பையன். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையைத் திரையைவிடப் பெரிதாக வெட்டி மேசைமேல் விரித்தோம். போர்டின் திருகாணிகளை விடுவித்து, இருவரும் நீள வாக்கில் இரண்டு பக்கமும் உள்ளங்கையால் ஏந்தி, ஒரே மூச்சில் தூக்கி அட்டைமேல் வைத்தோம். "மாமா, நீங்க சொல்லுங்க, நான் உங்க கூடவே தூக்குறேன்" என்று அவன் எண்ணிக்கைக்குக் காத்திருந்தது நன்றாக இருந்தது. தனியாக இதைச் செய்ய முயல வேண்டாம்.

கண்ணாடிக்குக் கீழே மூன்று மெல்லிய பால் நிறத் தாள்கள், அப்புறம் தடித்த வெள்ளைப் பலகை ஒன்று, அதற்கும் கீழே வெள்ளை எதிரொளிப்புத் தாள். தாள்கள் மூன்றும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒன்றல்ல. முன்பின் மாறினாலும், தலைகீழானாலும் படம் மங்கும். இடது மேல் மூலையில் சின்ன டேப் ஒட்டி 1, 2, 3 என்று எழுதிக்கொண்டேன். அடியிலிருந்த எதிரொளிப்புத் தாளைத் தூக்கியதும் மூன்று நீளப் பட்டைகள், பட்டைக்கு ஆறு எல்இடி, ஆக 18. ஒவ்வொன்றின் தலையிலும் சின்னக் குவிமாடம் போல ஒரு லென்ஸ். எல்லாம் ஒரே சரம். தீபாவளிக்குக் கட்டும் சீரியல் பல்பு போல, ஒன்று போனால் மொத்தமும் இருட்டு.

டெஸ்டரை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தேன். பளிச், பளிச், பளிச். நடுப் பட்டையில் நாலாவது மட்டும் எரியவில்லை. லென்ஸை நகத்தால் நெம்பி எடுத்துப் பார்த்தால், மஞ்சள் சதுரத்தின் நட்டநடுவில் ஊசிமுனை அளவுக்குக் கறுப்புப் புள்ளி. அதைச் சுற்றி மஞ்சள் பழுப்பாகக் காய்ந்திருந்தது, அடுப்பில் கொஞ்சம் அதிகம் விட்ட அப்பளம்போல. மற்ற பதினேழும் எரிந்தன. ஆனால் அவற்றிலும் ஐந்தாறில் நடுப்பகுதி நிறம் மாறத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்தும் நான் அதற்குரிய மதிப்பைக் கொடுக்கவில்லை.

செத்ததன் இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துச் சரத்தைத் தொடர வைத்தேன். பதினேழும் எரிந்தன. பதினெட்டில் ஒன்று குறைவதால் படத்தின் நடுவில் ஒரு மெல்லிய நிழல், வெள்ளைப் பின்னணியில் மட்டும் தெரியும். அம்மாவுக்கு அது போதும் என்றார்.

அன்று இன்னொரு பிழையும் நடந்தது. வேலை சாயங்காலம் வரை இழுத்துவிட்டது. நான்கு மணிக்குப் பெய்த மழை விட்டதும் செம்பனைக் காட்டுப் பக்கமிருந்து ஈசல் கிளம்பிவிட்டது. நாங்கள் மேசைக்கு மேலே பெரிய விளக்கைப் போட்டிருந்தோம். கதவைச் சாத்தினோம், ஜன்னலைச் சாத்தினோம், அப்படியும் வந்தன. கண்ணாடியை வைத்து, மூடி, டிவியைப் போட்டால், வலது கீழ் மூலையில் அரிசி அளவுக்கு ஒரு சாம்பல் கறை. ஒரு ஈசல் இறகு, இரண்டாவது தாளுக்கும் மூன்றாவது தாளுக்கும் நடுவில். அதை எடுக்க மறுபடி முழுவதும் பிரிக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் டிவி மீண்டும் இருண்டது. பிரித்துப் பார்த்தால் இந்த முறை இரண்டு எல்இடி, வெவ்வேறு பட்டையில் ஒவ்வொன்று.

ஒன்றைத் தாண்டி ஒயர் கட்டினால் மற்றவற்றில் மின்னோட்டம் கூடி அவையும் போய்விடும் என்று ஆலையில் ஒரு நண்பர் சொன்னார். இந்த டிவியில் அப்படி இல்லை. டிரைவர் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் அனுப்புகிறது, எல்இடி குறைந்தால் வோல்டேஜைத்தான் குறைத்துக்கொள்கிறது. விஷயம் வேறு. பதினெட்டும் ஒரே நாளில் பிறந்து, ஒரே சூட்டில், ஒரே ஓட்டத்தில் வெந்தவை. ஒன்று போனபோது மற்றவை வரிசையில்தான் நின்றன. ஓரிரு மாதத்துக்கு வண்டி ஓடினால் போதும் என்றால் ஒயர் கட்டுங்கள். இல்லையென்றால் பட்டைகள் மொத்தத்தையும் மாற்றிவிட வேண்டும்.

புதுப் பட்டை வாங்குவதில் மூன்றாவது தப்பு. டிவியின் பின்னால் இருந்த மாடல் எண்ணைப் போட்டுத் தேடி வாங்கினேன். வந்தது இரண்டே பட்டை, அதுவும் ஒவ்வொரு எல்இடியும் 6 வோல்ட். என்னுடையது மூன்று பட்டை, 3 வோல்ட். ஒரே மாடல் பெயரில் தயாரிப்பாளர்கள் வேறு வேறு திரைகளைப் போட்டு விற்பது உண்டு. பார்க்க வேண்டியது பழைய பட்டையின் மேலேயே அச்சிட்டிருக்கும் நீண்ட எண்ணை. கூடவே பட்டையின் நீளம், எல்இடி எத்தனை, ஒரு எல்இடியிலிருந்து அடுத்ததற்கு எத்தனை மில்லிமீட்டர், இணைப்பி எந்தப் பக்கம் என்று நான்கையும் சரிபார்க்க வேண்டும். திருப்பி அனுப்பினேன். பணம் வந்தது, தபால் செலவு 6 வெள்ளி போனது, ஒன்பது நாளும் போனது. அந்த ஒன்பது நாளும் அம்மா மின்னல் எப்.எம். வானொலி கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரியான பட்டை 42 வெள்ளி.

வந்ததும் பொருத்தும் முன் மேசையிலேயே ஒவ்வொரு பட்டையையும் டெஸ்டரில் எரித்துப் பார்த்தேன். லென்ஸ்களை விரலால் மெல்ல அசைத்தும் பார்த்தேன். ஒன்று ஆடியது, இரண்டு சொட்டுப் பசை வைத்தேன். லென்ஸ் உள்ளே கழன்று விழுந்தால் அந்த இடத்தில் படத்தில் வெள்ளைப் பொட்டு விழும், மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். பழைய பட்டைகளை உரித்து, தகட்டில் ஒட்டியிருந்த பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். சூடு கடத்தும் இருபக்க டேப்பால் புதியதை ஒட்டி, பட்டை முழுக்கக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனேன். தகட்டோடு ஒட்டாமல் தூக்கி நிற்கும் இடத்தில் சூடு இறங்காது. ஆல்கஹால் 9 வெள்ளி, டேப் 7.

இந்த முறை காலை எட்டு மணிக்கே ஆரம்பித்தோம், மின்விசிறியை நிறுத்திவிட்டு. தாள்களை ஓரத்தில் மட்டும் பிடிக்க மெல்லிய கையுறை. ஈசல் இறகு அப்படியே ஒட்டியிருந்தது, டேப்பின் ஒட்டும் பக்கத்தால் தொட்டு எடுத்தேன்.

புதுப் பட்டை போட்டு மூடியிருந்தால் டிவி ஓடியிருக்கும். ஆனால் பழையது ஆறு வருடத்துக்குள் ஏன் வெந்தது என்ற கேள்வி அப்படியே இருந்தது. போர்டில் விளக்கு டிரைவருக்குப் பக்கத்தில், சரத்தின் மின்னோட்டத்தை அது அளந்து பார்க்கும் மூன்று குட்டி ரெசிஸ்டர்கள் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தன. எறும்பு முட்டை அளவுதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் 2ஆர்2, 2ஆர்2, 5ஆர்1 என்று எழுதியிருந்தது, அதாவது 2.2 ஓம் இரண்டு, 5.1 ஓம் ஒன்று. மூன்றும் பக்கவாட்டு இணைப்பு, சேர்ந்தால் 0.905 ஓம். டிவி மெனுவில் பேக்லைட்டை 100-இல் வைத்து இவற்றின் குறுக்கே அளந்தால் 0.3 வோல்ட். 0.3-ஐ 0.905-ஆல் வகுத்தால் 331 மில்லிஆம்பியர். அந்தச் சின்ன எல்இடிக்கு இது உச்சகட்டச் சாப்பாடு. அதோடு அம்மாவின் டிவி வாங்கிய நாளிலிருந்து கடையில் காட்சிக்கு வைக்கும் அந்தப் பளபள அமைப்பிலேயே, பேக்லைட் 100-இல் ஓடிக்கொண்டிருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை நான் அந்த ரிமோட்டைத் தொட்டிருக்கிறேன், ஒரு தடவையும் அதைப் பார்க்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கி, கப்பாசிட்டரில் நிற்கும் மின்சாரத்தை மறுபடி இறக்கி, 40 வாட் சோல்டரிங் அயர்னில் மெல்லிய முனை போட்டு, 5ஆர்1-இன் இரண்டு பக்கமும் கொஞ்சம் ஈயம் சேர்த்து, மாறி மாறிச் சூடு காட்டினேன். மூன்றாவது மாற்றில் அது முனையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மிச்சம் இரண்டு 2.2, சேர்ந்தால் 1.1 ஓம். டிரைவர் பார்ப்பது அதே 0.3 வோல்ட்தான், அதனால் இப்போது மின்னோட்டம் 273 மில்லிஆம்பியர், நூற்றுக்குப் பதினேழு பங்குக்கு மேல் குறைவு. சரம் முழுவதற்கும் 54 வோல்ட் நின்றது. ஆலையிலிருந்து இரவல் வாங்கி வந்த வெப்பமானித் துப்பாக்கியால், கழற்றும் முன்பும் பின்பும் டிவியை ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பின்தகட்டைச் சுட்டுப் பார்த்தேன். முன்பு 58 பாகை, பின்பு 49. மெனுவிலும் பேக்லைட்டை 70-க்கு இறக்கி வைத்தேன்.

எல்லா டிவியிலும் இந்த எண்கள் ஒன்றாக இருக்காது. சில டிரைவர்கள் 0.2 வோல்ட்டைப் பார்க்கும், சிலவற்றில் ரெசிஸ்டர் நாலைந்து இருக்கும். உங்கள் போர்டை நீங்கள் அளந்து, கணக்குப் போட்டுத்தான் கழற்ற வேண்டும்.

அம்மா உட்கார்ந்து பார்த்தார். வெளிச்சம் குறைந்ததா என்று கேட்டேன். "கண்ணு கூசலப்பா இப்ப" என்றார்.

மொத்தச் செலவு: கப்பாசிட்டர் 6, டெஸ்டர் 38, பட்டை 42, டேப் 7, ஆல்கஹால் 9, வீணான தபால் 6. ஆக 108 வெள்ளி, ஈப்போவுக்குப் போன பெட்ரோல் தனி. முதல் நாளே டெஸ்டர் வாங்கி, முதல் தடவையிலேயே மூன்று பட்டையையும் மாற்றி, அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்கியிருந்தால் 96-இல் முடிந்திருக்கும், அந்த 38 வெள்ளி டெஸ்டரும் கையில் நிற்கும். அடுத்த தடவை சூடு கடத்தும் டேப்பை இன்னும் அகலமாக வாங்குவேன். எனக்குக் கிடைத்தது 8 மில்லிமீட்டர், பட்டையோ 15, அதனால் இரண்டு வரிசையாக ஒட்ட வேண்டி வந்தது. கண்ணாடியை வைக்க அட்டைக்குப் பதில், ஓரம் மடிப்பில்லாத ஒரு பிளைவுட் பலகையும் மேலே போர்வையும் வைப்பேன்.

கழற்றிய 5ஆர்1-ஐ எறியவில்லை. ஒரு துண்டு டேப்பில் ஒட்டி, பின்மூடியின் உட்பக்கத்தில் வைத்து, பக்கத்தில் மார்க்கர் பேனாவால் தேதியும், "273 மி.ஆ., பட்டை மூன்றும் புதிது, தாள் வரிசை இடது மேல் மூலையில்" என்றும் எழுதி மூடினேன். அக்கா மகன் தன் பெயரின் முதல் எழுத்தையும் கீழே போட்டுக்கொண்டான்.